பிப்ரவரிக்கு முந்தைய ஜூன்

வெக்ஸ்போர்ன், 4 மார்ச் 1974

அன்புள்ள கிளாரிஸ்,

சந்தையில் என்னைப் பார்த்தும் முட்டைக்கோஸை முறைத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கு வலித்தது. உன் முன்னோர் ஜொசையாவைப் பற்றி வரலாற்றுச் சங்க இதழில் நான் எழுதியது மாதாகோயில் பதிவேட்டில் இருப்பதுதான். பெற்றோர் திருமணம் 1710 ஜூன், அவருக்கு ஞானஸ்நானம் 1710 பிப்ரவரி. கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை. சந்தைக் கூடத்தைக் கட்டியவர் என்பதற்காக மறைக்க முடியுமா?

ஒன்று மட்டும் குழப்புகிறது. ஏட்டில் டிசம்பருக்கு அப்புறம் அந்தப் பிப்ரவரி வருகிறது. பாதிரியார் போதையில் எழுதினாரோ என்னவோ!

உன் ஹெஸ்டர்

*

9 மார்ச்

ஹெஸ்டர்,

கோபமில்லை, உன் முகத்தைப் பார்க்கப் பயம். என் மகள் ரூத்தும் அப்படிப் பிறந்தவள்தான். அவள் அப்பாவை நான் கட்டிக்கொண்டது பிறகுதான். நாற்பது வருடம் தேதியை மாற்றிச் சொல்லிவந்தேன்.

உன் கட்டுரை தைரியம் தந்தது. லீட்ஸ் போய் அவளிடம் காட்டி, எல்லாம் சொல்லி அழுதேன். "அட, பெரிய மனுஷரே அப்படித்தானா? இதுக்காம்மா இத்தனை வருஷம் பயந்தே?" என்று என்னை அணைத்துக்கொண்டாள். உனக்கு எப்படி நன்றி சொல்வேன்!

கிளாரிஸ்

*

20 மார்ச்

கிளாரிஸ்,

அந்தக் காலத்தில் புது வருடம் மார்ச் 25-இல்தான் பிறக்குமாம். அதனால் 1710 பிப்ரவரி என்பது நம் கணக்கில் 1711, அந்த ஜூனுக்கு எட்டு மாதம் பிந்தியது. ஜொசையா முறையாகப் பிறந்தவர். முப்பது வருடம் ஏடு புரட்டியவள் இதில் சறுக்கிவிட்டேன்.

திருத்தம் எழுதிவிட்டேன், அச்சுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் ரூத் படிப்பாள். அனுப்பாவிட்டால் தெரிந்தே பொய்யை விட்டுவைக்கிறேன். ஒன்றும் புரியவில்லை. நீயே சொல்.

ஹெஸ்டர்

*

25 மார்ச்

அன்புள்ள ஹெஸ்டர்,

உன் கடிதத்தை ரூத்துக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். முடிப்பதற்குள் எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு கேட்டாள்: "அப்போ நம்ம குடும்பத்துல அந்தப் பெருமை எனக்கு மட்டும்தானா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன், அழுதேன்.

திருத்தத்தைப் போடு. எட்டு மாதம்தானே என்று விரல்விட்டு எண்ணாதே! வியாழன் சந்தை முடிந்ததும் தேநீருக்கு வா. ரூத்தும் வருகிறாள். உன் பழைய கணக்குப்படி இன்று புத்தாண்டு. வாழ்த்துகள்.

உன் கிளாரிஸ்