ஆறு கட்டங்களில் நான் இட்ட தேதி

பொன்னேரி,
17-2-1975, திங்கட்கிழமை,
காலை மணி எட்டு.

சிரஞ்சீவி சின்னதுரைக்குத் தந்தை துளசிராமன் ஆசியுடன் எழுதுவது. இந்தத் தேதி வரை நானும் உன் தாயாரும் உடலில் குறையின்றி இருக்கிறோம். பிலாயில் நீயும் மருமகளும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். உன் தம்பி அருணகிரியும் நலம்தான், ஆனால் அந்த நலம் எத்தனை நாளைக்கு என்று பயமாக இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் ஃபிட்டராக இருந்தவனை இம்மாதம் முதல் தேதியிலிருந்து சூப்பர்வைசராக உயர்த்தியிருக்கிறார்கள். சம்பளம் ஒரு காசும் கூடவில்லை, ஓவர்டைம் நின்றது, இனி நீ தொழிலாளி அல்ல என்று சங்கத்திலும் பெயரை நீக்கிவிட்டார்கள். கூடியது கையெழுத்துப் போடும் வேலை ஒன்றுதான். உன் தாயார் அதற்கே கேசரி கிண்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தாள். அருணகிரியுடன் வேலை செய்யும் குப்புராஜ் அதைத் தின்றுகொண்டே, "இன்னா சூப்பர்வைசரே, டப்பு ஏறல, பட்டம் மட்டும் ஏறிச்சா" என்று கேலி செய்தான். அன்று நானும் சிரித்தேன்.

12-2-1975 புதன்கிழமை மாலை அருணகிரி ஒரு பதிவேட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கிரேன் சங்கிலியை மாதம் ஒருமுறை பரிசோதித்து எழுத வேண்டிய புத்தகம் அது. சென்ற ஆகஸ்ட் முதல் ஜனவரி முடிய ஆறு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. இருபதாம் தேதி அரசாங்க அதிகாரி ஆலையைப் பார்வையிட வருகிறார், அதற்குள் நிரப்பிக் கொண்டுவா என்று மேனேஜர் சொன்னாராம். முப்பத்தொரு வருடம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுதிய என் கை காலிக் கட்டத்தைக் கண்டால் சும்மா இராது என்பது உனக்குத் தெரியும். நானே பேனாவை வாங்கி, ஆறு மாதத்துக்கும் பதினைந்தாம் தேதியிட்டு, 'சங்கிலி நன்னிலையில் உள்ளது' என்று ஆறு முறை எழுதிக் கொடுத்தேன். அவன் கையெழுத்திட்டான். இருவரும் அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று வந்த குப்புராஜ், "பெரியவரே, அந்தச் சங்கிலியில ஒரு வளையம் வாயத் தொறந்துகினு கீது, கம்பி சுத்தி ஓட்டிக்கினு கீறோம், அடியில நிக்கறவன் சாமியக் கும்புட்டுகினு நிக்கறான்" என்றான். அடியில் நிற்பவர்களில் குப்புராஜும் ஒருவன், பக்கத்தில் நின்று வேலை வாங்குபவன் அருணகிரி.  அருணகிரியைக் கேட்டதற்கு, "பேஜாரு பண்ணாத நைனா, எல்லாரும் போடற கையெழுத்துதான்" என்கிறான். புத்தகத்தை மீண்டும் பிரித்துப் பார்த்தேன். 15-8-1974 சுதந்திர தினம், 15-1-1975 மாட்டுப் பொங்கல். இரண்டு நாளும் ஆலை பூட்டியிருந்தது. அந்த ஆறு மாதமும் அவன் ஃபிட்டர்தான், கையெழுத்திடும் சூப்பர்வைசர் அல்ல. தேதியில் பிசகாத நான் பிசகியிருக்கிறேன். சங்கிலி அறுந்தால் மேனேஜர் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார். அதில் இருப்பவை உன் தம்பியின் பெயரும் என் எழுத்தும்.

இன்று காலை அவன் குளிக்கச் சென்றபோது ஆறாவது கட்டத்தின் கீழ், 'மேற்கண்ட ஆறும் 12-2-1975 அன்று பொன்னேரியில் என் வீட்டில் எழுதப்பட்டவை, சங்கிலி பார்க்கப்படவில்லை' என்று எழுதி என் பெயரை இட்டேன். அவன் பிரித்துப் பாராமலே புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஏழு மணி வண்டிக்குப் போய்விட்டான். வேலை போகலாம், சங்கமும் ஏனென்று கேட்காது, அவன் என்னோடு பேசுவதையே நிறுத்தலாம். ஆயினும் மாலை வண்டியில் இறங்கி வருவானா என்பதே இப்போது என் பயமெல்லாம். ஒன்பது வருடமாகப் பிலாய் ஆலையில் கிரேனுடன் இருப்பவன் நீ, உன் சொல்லைத்தான் கேட்பான். சங்கிலியை மாற்றும்வரை அதன் அருகே போகாதே என்று உடனே அவனுக்குத் தந்தி கொடு.

நீங்கள் இருவரும் தீர்க்காயுளுடன் இருக்க உன் தாயாரும் நானும் ஆசீர்வதிக்கிறோம். உன் சென்ற கடிதத்தில் தேதியே இல்லை. இனி தவறாமல் போடு. எழுதுகிற நாள் எதுவோ அதையே போடு.

அன்புள்ள தந்தை,
ப. துளசிராமன்