வால்டருக்கு எந்தத் துப்பாக்கி, இசக்கி?

என் உயிர் மக்கா இசக்கிமுத்துவுக்கு,

நீ போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. வல்லம் வடகாலில் நம் அறையில் உன் பாயை இன்னும் யாரும் விரிக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருத்தர் இடம் கேட்டு வந்தார், "ஆள் வருது" என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை.

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பாழாய்ப்போன காய்ச்சலில் நீ போய், நான் அடக்கத்துக்கு ஊருக்கு வந்தபோது உன் அம்மா அதை என் கையில் திணித்தார்கள். "அதுல என்ன கெடக்குன்னு எங்களுக்கு என்னத்தத் தெரியும்யா, நீயே வச்சுக்க." அது ராத்திரியெல்லாம் சத்தம் போடுகிறது. கீழ்வீட்டு அக்காகூடக் கேட்டுவிட்டார், "இன்னா தம்பி, அந்தப் புள்ள போனு இன்னும் அடிச்சிக்கினே கீது?"

எல்லாம் உன் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இணையக் குழுவிலிருந்து. கொயோட்டி என்று ஒரு பிராணி, நரியைவிடப் பெரிசு, ஓநாயைவிடச் சிறிசு, ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும். அதைச் சுட எந்த ரைபிள், எந்த அளவுத் தோட்டா என்று அவர்கள் அடித்துக்கொள்வதை நீ சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் வாசிப்பாய். நீயோ பொருட்காட்சியில் பலூன் சுட்டதோடு சரி, அதிலும் ஒன்றும் உடையவில்லை! "ஒனக்கு எதுக்குல இது?" என்றால், "எல, பேரு 223, தோட்டாவ அளந்தா 224 வருதாம். நம்ம லைன்ல விட்டா ரிஜெக்ட்டுல" என்று சிரிப்பாய். ஷிப்டு முழுக்க உதிரிபாகத் துளைகளை அளந்தும் உனக்கு அளவு சலிக்கவில்லை.

போன வாரம் வால்டர் என்பவர் உனக்கு எழுதியிருந்தார். மூன்று ஆட்டுக்குட்டிகளைக் கொயோட்டி தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். "223, 22-250, 243, இந்த மூன்றில் எது? நீ சொல்வதையே வாங்குகிறேன். சுடப்போவது என் மனைவி. அவளுக்குத் தோளில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது." இரண்டு நாள் கழித்து மறுபடி, "இசக்கி, இருக்கிறாயா?"

அந்தக் கேள்வி என்னைப் போட்டுப் படுத்தியது. இல்லை என்று நான் எழுதினால் அங்கேயும் நீ செத்துப்போவாய். ஒரு ஊரிலாவது நீ இருந்துவிட்டுப் போயேன் என்றிருந்தது. அதனால் நைட் ஷிப்டு கேண்டீனில் நானே நீயாகப் பதில் எழுத உட்கார்ந்தேன், மொழிபெயர்க்கிற ஆப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு.

எனக்கு இதில் என்ன தெரியும்? 243 பெரிய எண், அதுதான் நல்லதோ? தோள் வலிக்கிறவருக்குப் பெரிசு ஆகாதோ? ஒன்றும் புரியாமல் 22-250ஐப் பார்த்தேன். நம் லைனில் இரண்டு எண்ணுக்கு நடுவே கோடு போட்டிருந்தால், அந்த இரண்டுக்குள் எது வந்தாலும் பாஸ்தானே? அப்பாடா என்று, "22இலிருந்து 250 வரை எது கிடைத்தாலும் வாங்குங்கள்" என்று அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில். "22-250 என்பது ஒரே தோட்டாவின் பெயர். நீ இசக்கி இல்லை. இசக்கி எங்கே?"

மாட்டிக்கொண்டேன் மக்கா. கேண்டீன் தட்டை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டதை முதலிலிருந்து வாசித்தேன். நீ அங்கே பெரிய வேட்டைக்கார வேஷம் கட்டியிருப்பாய் என்றே நினைத்திருந்தேன். நீ எழுதிய முதல் வரி என்ன தெரியுமா? "நான் நிஜத் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தொழிற்சாலையில் அளவு பார்க்கிறவன். ஒரு சந்தேகம், குறி தப்பினால் தோட்டா எங்கே போய் நிற்கும்? பக்கத்து வீடு எவ்வளவு தூரம்?" அதற்கு வால்டர், "இத்தனை பேர் யோசனை சொன்னார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை" என்றிருக்கிறார். உன் பெயரில் பொய் சொன்ன ஒரே ஆள் நான்தான். மன்னிச்சிருல.

உண்மையை எழுதினேன். இசக்கி இறந்துவிட்டான், நான் அவனோடு ஒரே அறையில் இருந்தவன், எனக்குத் துப்பாக்கி தெரியாது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

மறுநாள் எழுதினார். 223 வாங்கிவிட்டாராம், சுடும்போது அதுதான் தோளில் மெதுவாக உதைக்குமாம். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மண்ணை மேடாகக் குவித்து, அந்தப் பக்கம் பார்த்து மட்டும்தான் சுடப்போகிறார்களாம். அதன்கீழே, "ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் இறந்தவர்கள் பெயரைச் சொல்லி ஜெபிப்போம். ஒரு வருஷமாக இந்தப் பெயரை வாசிக்கிறேன், வாயால் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது?"

மெஷின் சத்தம் கேட்காத இடம் தேடி, வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்று போனில் உன் பெயரைப் பதிவு செய்தேன். நீ போனதிலிருந்து உன் முழுப்பெயரை நான் ஒருமுறைகூடச் சத்தமாகச் சொன்னதில்லை. முதல் தடவை பாதிப் பெயரோடு நிறுத்திவிட்டேன். அழித்துவிட்டு மறுபடி சொன்னேன். மூன்றாவதைத்தான் அனுப்பினேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் போகும்போது அவருடைய பதிவு வந்தது. ஒரு வயதானவரின் குரல் திக்கித் திக்கி உன் பெயரைச் சொல்கிறது. பிறகு பத்து இருபது பேர் சேர்ந்து அதைத் திருப்பிச் சொல்கிறார்கள். உன்னைப் பார்த்தேயிராதவர்கள். ஒரகடத்தில் இறங்கும் வரை திரும்பத் திரும்பக் கேட்டு அழுதேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது அதை உன் அம்மாவுக்குப் போட்டுக்காட்டுகிறேன். "யாருய்யா இவுக, எம்புள்ள பேரச் சொல்லுதாக?" என்று கேட்பார்கள். என்ன சொல்வேன், எங்கிருந்து ஆரம்பிப்பேன், இன்னும் பிடிபடவில்லை. ஆனால் பொய் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் செய்கிற சத்தியம்.

உன் அம்மாவுக்கு இன்னொரு மகன்,
செல்லத்துரை