சாலையில் எண்ணெய் இல்லை, அம்மா

அம்மா,

போன சனிக்கிழமை காலை, கிள்ளானில் ஒரு மோட்டார் கடையில் நின்றுகொண்டு நான் கத்தினேன். அலுவலகத்தில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் மன்னிப்புக் கேட்பேன். அப்படிப்பட்டவன் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

புது மோட்டார் சைக்கிளை எடுக்கப் போயிருந்தேன். சிரிக்காதே. நாற்பத்தொரு வயதில் லைசென்ஸ் எடுத்து, நீ ஓட்டியதைப் போலவே ஒரு சின்னக் கப்சாய் மோட்டார் வாங்கியிருக்கிறேன். உனக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸ் அறையைக் காலி செய்துவிட்டு அப்பாவோடு வந்துவிட்டேன் அல்லவா, கிள்ளானிலிருந்து தினமும் காரில் வேலைக்குப் போனால் பாதி ஆயுள் நெரிசலிலேயே கழிந்துவிடும் போலிருந்தது. கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகு, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஆள் ஒரு புட்டியை எடுத்துப் பஞ்சில் சாய்த்தார். "பாஸ், டயருக்குக் கொஞ்சம் ஷைன் போட்டுடறேன். போட்டோ எடுத்தா சும்மா கும்முன்னு இருக்கும்லா" என்றார். அதற்குள் அந்த வாடை வந்துவிட்டது. பாதி மண்ணெண்ணெய், பாதி மிட்டாய் போன்ற வாடை.

"டயரைத் தொடாதீங்க!" என்று அப்போதுதான் கத்தினேன்.

"சரி பாஸ், சரி. போடல" என்று அவர் புட்டியை மூடிவிட்டார். பாவம், அவர் என்ன செய்வார். நான் அங்கிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த வாடையை அதற்கு முன் நான் முகர்ந்தது நம் வீட்டு வாசலில். அதைப் பற்றி உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

உன்னை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது உன் முதுகுதான். நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க மழைக்கோட்டு மாதிரியான ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, ஹெல்மெட் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, ஷா ஆலம் தொழிற்சாலைக்குக் கிளம்புவாய். முப்பது வருடம் அப்படிப் போய்வந்தாய். ஒரு முறைகூட விழுந்ததில்லை. அப்பா இன்றுவரை மோட்டார் கற்றுக்கொள்ளவே இல்லை. பாசாரில் வாங்கிய காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உனக்குப் பின்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து போவார். அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்தால், "நான் டிரைவர் வச்சிருக்கேன்லா, உனக்கு இருக்கா?" என்பார். உனக்கு வெட்கமாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

நீ ஓட்டியதெல்லாம் பிறர் ஓட்டித் தள்ளிய வண்டிகள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் உனக்கென்று ஒரு புது வண்டி வாங்கினாய். வாங்கிய அன்று மாலையே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதோடு வந்த கையேட்டின் மலாய்ப் பக்கங்களை விரல் வைத்துப் படித்தாய்.

"முப்பது வருஷம் ஓட்டிட்டு இப்பப் போயி புக்கு படிக்கிறியேம்மா" என்று கேலி செய்தேன்.

"முப்பது வருஷமும் அடுத்தவன் பழக்கின வண்டியத்தான்டா ஓட்டினேன். இத நான்தானே பழக்கணும்" என்றாய்.

அப்படித்தான் பழக்கினாய். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் வேகம் கூட்டி முறுக்கவே இல்லை. பின்னால் ஆளும் ஏற்றவில்லை. அப்பா ஒரு மாதம் பஸ்ஸில் பாசாருக்குப் போய்வந்து, உன்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார். "புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயிற வரைக்கும் வளைவுல சாய்க்கக் கூடாது" என்று சொல்லி, நம் தாமான் தெருக்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தாய். பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்கினாய். முதல் சர்வீசுக்குப் போனபோது, கடைக்காரர் பழைய எண்ணெயை இறக்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று அதன் நிறத்தைப் பார்த்தாயாம். அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சங்கிலிக்கு எண்ணெய் போடும்போது அதற்கும் டயருக்கும் நடுவில் ஓர் அட்டையைச் செருகிக்கொள்வாய். டயரில் ஒரு சொட்டுப் படக்கூடாது என்பாய். நான் காரில் சாய்ந்துகொண்டு இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பேன். வாராவாரம் வந்து வேடிக்கை பார்ப்பதுதான் என் வேலை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ ஓட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. பெடரல் ஹைவேயில் எங்காவது மோட்டார் விபத்து என்று செய்தி வந்தால் உடனே உனக்குப் போன் செய்வேன். நீ எடுக்கும்வரை மறுபடி மறுபடி அடிப்பேன். "இனிமே எதுக்கும்மா இது, நான் வந்து கார்ல கூட்டிட்டுப் போறேன்லா" என்பேன். "நீ எப்ப வர்றது, நான் எப்பப் போறது" என்பாய். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு முந்தைய நாளே வந்துவிட்டேன். பூஜையன்று காலை நீ வண்டியைக் கழுவி, துடைத்து, முன்விளக்குக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். எல்லாம் மின்னியது, டயர் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் இருந்தது. கோயிலில் படம் எடுத்து உன் பழைய தொழிற்சாலைத் தோழிகளுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். அவர்கள் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்ற ஆசை. என் காரின் பின்பெட்டியில் டயருக்குப் போடும் பளபளப்பு மருந்து இருந்தது. டயருக்கென்றே விற்பதுதானே என்று, பக்கவாட்டில் மட்டுமில்லாமல் சாலையைத் தொடும் இடமெல்லாம் சுற்றிச் சுற்றிப் பூசினேன். காருக்குப் பூசுகிறவர்கள்கூட அந்த இடத்தைத் தொடமாட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ வெளியே வந்து பார்த்து, "என்னடா, டயரைக்கூடக் குளிப்பாட்டிட்டியா?" என்று சிரித்தாய். ஈரம் என்று நினைத்திருப்பாய். நேரமாகிவிட்டது என்று அப்பா சத்தம் போட்டதால் நீ குனிந்து பார்க்கவில்லை.

கோயிலில் ஐயர் கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை நகர்த்தினாய். நான் படம் எடுத்தேன். அப்பா தேங்காய்த் தட்டோடு என் காரில் ஏறிக்கொண்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. நீ முன்னால் போனாய், நாங்கள் பின்னால் வந்தோம். சந்திப்பில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, வலது பக்கம் திரும்பினாய். சைக்கிள் வேகம்கூட இல்லை. முன்சக்கரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போனதை நான் கார்க் கண்ணாடி வழியே பார்த்தேன். நீ வலது கையை ஊன்றி விழுந்தாய்.

ஓடிவந்து தூக்கியபோது நீ கேட்டது, "வண்டிக்கு என்னடா ஆச்சு?" என்பதுதான். உன்னை அப்பாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்தினேன். என் உள்ளங்கை முன்டயரில் பட்டது. வெண்ணெய் தடவியதுபோல் வழுக்கியது. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அம்மா.

மருத்துவமனையில் உன்னை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போனதும், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிக் கிளம்பினேன். சந்திப்பிலிருந்து வீடுவரை தள்ளிக்கொண்டே போய், பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு இரண்டு டயரையும் மூன்று முறை தேய்த்துக் கழுவினேன். இன்னொருவர் விழக்கூடாது என்று செய்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்.

மாலையில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்தாய். எதிர்வீட்டு ஆன்டி மைலோ கலக்கிக்கொண்டு வந்தார். "வயசாச்சுக்கா. இனிமே எதுக்கு இந்த மோட்டாரெல்லாம்" என்றார். நீ என்னைப் பார்த்தாய். உன் பக்கம் பேசுவேன் என்று பார்த்தாயோ என்னவோ. என் வாயிலிருந்து வந்தது, "அதத்தான் நானும் சொல்றேன்." அம்மா இனி ஓட்டமாட்டாள் என்று மனத்தின் ஒரு மூலையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் உன்னை அந்தச் சந்திப்புக்கு அழைத்துப் போகச் சொன்னாய். அன்றும் தூறல். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, விழுந்த இடத்தில் குனிந்து குனிந்து தேடினாய். நான் குடை பிடித்தேன். செருப்பால் சாலையைத் தேய்த்துப் பார்த்தாய். இடது கை விரலால் தொட்டு முகர்ந்தாய். கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின.

"எண்ணெய் இல்ல. மண்ணு இல்ல. பள்ளமும் இல்ல" என்றாய்.

நான் குடையை உன் பக்கம் இன்னும் நகர்த்தினேன்.

"அப்ப நான்தான்" என்றாய்.

"வாம்மா, நனையிற" என்றேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

கட்டுப் பிரித்த பிறகும் நீ ஓட்டவில்லை. வாரத்துக்கு ஒரு நாள், மூடியிருந்த துணியை விலக்கி, வண்டியை முடுக்கி, ஐந்து நிமிடம் பக்கத்தில் நிற்பாய் என்று அப்பா சொன்னார். பிறகு வண்டியையும் கொடுத்துவிட்டாய். எடுத்துப் போனவரிடம், சங்கிலிக்கு எண்ணெய் போடும்போது அட்டை வைக்கச் சொன்னாய். சனிக்கிழமைகளில் நான் வரும்போது பத்து மணிக்கே உடுத்திக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்திருப்பாய். நான் பன்னிரண்டுக்கு வருவேன். நினைத்தால் பத்துமலைக்குக் கிளம்புகிறவள், பக்கத்துத் தெருவில் இருந்த தோழியைப் பார்க்கக்கூட என் காருக்காகக் காத்திருந்தாய். சமையலில் உப்புக் கூடினால், "என் கை முன்ன மாதிரி இல்ல" என்பாய். நாங்கள் யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

நெஞ்சுவலி என்று உன்னைச் சேர்த்த கடைசி வாரத்தில், ஒரு மதியம், சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். "தம்பி, அன்னிக்கு நீ பின்னாலதானே வந்த. நான் எப்படிடா விழுந்தேன்? ரொம்பச் சாய்ச்சிட்டேனா?" என்று கேட்டாய். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்று ஒரு சுளையை உன் கையில் வைத்தேன். நீ வாங்கிச் சாப்பிட்டாய்.

கடையிலிருந்து வண்டியை நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டி வந்தேன். புது டயர், எந்த வளைவிலும் சாய்க்கவில்லை. அப்பா வாசலுக்கு வந்து சுற்றிப் பார்த்தார். "பார்த்து ஓட்டுடா. உங்கம்மாவே கடைசியில கை தவறி விழுந்துட்டா" என்றார். துக்கத்துக்கு வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னார். அன்று நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த முறை முடியவில்லை. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன், பளபளப்பு மருந்து, சோப்பு, குடை, எல்லாம்.

அப்பா படியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அவகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"தினமும் கேப்பாடா. சோறு போடறப்ப கேப்பா. நான் என்னதாங்க தப்பு செஞ்சேன்னு கேப்பா." அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "உனக்கு வயசாயிடுச்சுடின்னு நான்தான்டா சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்."

சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. அப்பாவின் மீதும் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை. காலையில் நான் கிளம்பும்போது மட்டும் வாசலுக்கு வந்து, நான் டயரைக் கையால் தடவிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சந்திப்புகளில் வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் உன் கேள்விதான் எனக்குக் கேட்கிறது. ஹெல்மெட்டுக்குள் பதில் சொல்லிக்கொண்டேதான் திரும்புகிறேன்.

நீ அதிகம் சாய்க்கவில்லை, அம்மா. வேகமும் இல்லை. உன் கை சரியாகத்தான் இருந்தது. இதை உன்னிடம் சொல்ல எனக்கு முழுதாக நான்கு வருடம் இருந்தது.