ஆட்டோக்கார நைனாவுக்குப் பனிமலையிலிருந்து இறங்கியவள்

என் ஆசை நைனா,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உன் ஆட்டோவைத் தம்பி குமார்தான் ஓட்டுகிறான். மந்தைவெளி ஸ்டாண்டில் அவனை இன்னும் உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். சவாரி இறங்கியதும் உன்னை மாதிரியே திரும்பிப் பார்த்து, "எறங்கிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறான்.

அந்தப் பழக்கம் உனக்கு எப்படி வந்தது என்று ஸ்டாண்டில் யாருக்கும் தெரியாது. எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூட வாசலில் நான் காலை ஊன்றுவதற்குள், இறங்கிவிட்டேன் என்று நினைத்து நீ வண்டியை எடுத்துவிட்டாய். விழுந்தேன். பின்னால் வந்த வேன் என் இடது கையில் ஏறியது. முழங்கைக்குக் கீழே எதுவும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி நீயும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. எத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம் நைனா?

நான் மாற்றுத்திறனாளிகளுக்கான பனிச்சறுக்குப் போட்டிக்குப் போகிறேன் என்றபோது தெருவே சிரித்தது. மார்கழியில்கூட ஃபேன் போடுகிற ஊரில் ஏது பனி? நீ சிரிக்கவில்லை. ஸ்டாண்டில் போய்ப் பாடமே எடுத்தாய்: "எங்க பொண்ணு ஒத்தக் குச்சிய புடிச்சிக்கினு மலைல எறங்குது. உக்காந்துக்கினு போறவங்களுக்கு வேற பிரிவு கீது. இது நிக்கிற பிரிவு."

"பனி எப்டிமா இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டாய். ஜூஸ் கடை ஐஸ் பெட்டியில் கை வைத்துப் பார் என்றேன். நிஜமாகவே போய் வைத்துவிட்டு வந்து, "இம்மாந்தானா?" என்றாய். ஒரு தடவை கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

முதல் போட்டியில் பாதி வழியில் விழுந்தேன். இரண்டாவதில் வளைந்து தாண்ட வேண்டிய கொடிகளில் ஒன்றைத் தவறவிட்டேன், கணக்கிலேயே சேர்க்கவில்லை. மூன்றாம் வருஷம்தான் பதக்கம். எத்தனையாவது வந்தாய் என்று நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை. போட்டி முடிந்ததும் போனில் உன் குரல் வரும். "எறங்கிட்டியாமா?" அவ்வளவுதான்.

இந்த வருஷக் கடைசிப் போட்டியிலும் கீழே வந்து, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தேன். உன் எண்ணிலிருந்து அதே கேள்வி எழுத்தில் வந்திருந்தது. உனக்குத்தான் டைப் அடிக்கவே தெரியாதே. உடனே குமாரைக் கூப்பிட்டேன்.

"நைனா எங்கடா?"

"காலைலயே பூட்டாரு, அக்கா. நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். நீ எறங்குற வரைக்கும் சொல்லாதன்னு அம்மா சொல்லிச்சு. நீ போனையே பாத்துக்கினு நிப்பியேன்னு நாந்தான் அந்த மெசேஜ அனுப்பனேன்."



இரண்டு விமானம் மாறி மறுநாள் சாயங்காலம் வீடு வந்தேன். நீ ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாய். கண்ணாடியில் கை வைத்தேன், சில்லென்றிருந்தது. பனியைக் காட்டுகிறேன் என்று சொன்னவள் உன்னை இப்படியா பார்க்க வேண்டும்? எல்லாரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. இப்போதுதான் தினமும் அழுகிறேன், பஸ்ஸில், பாத்ரூமில், உன் காக்கிச் சட்டையை மடிக்கும்போது.

அப்போதே சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன். அன்றைக்குத் தப்பு உன்னுடையதுதான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கோபம் எட்டாவது படிக்கும்போதே போய்விட்டது. அதை உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. சொல்லியிருந்தால் நீ கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாயா?

வரும் குளிர்காலத்தில் மறுபடி போகிறேன். அம்மா வேண்டாம் என்கிறாள், கேட்க மாட்டேன். கடைசிக் கொடியைத் தாண்டி நின்றதும், யாரும் கேட்பதற்கு முன்னால், வாய்விட்டு உனக்குச் சொல்வேன். இது சத்தியம்.

எறங்கிட்டேன் நைனா. நீ வண்டிய எடு.

உன் மூத்த பொண்ணு,
ஜோதி