முதுகில் இல்லாத மச்சம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்களும் சுகம்தான், அப்பாவின் முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. உன் மாமாவும் சுகம், அவன் வாய்க்கு ஒரு நாலு நாள் காய்ச்சல் வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. அவன் உனக்கு போன் போட்டுத் தன் பக்கத்துக் கதையை அளப்பதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

நான் தோல் டாக்டரின் கிளினிக்கில் போட்டோ எடுப்பது உனக்குத் தெரியும், மச்சம் நிறைய உள்ளவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை படமெடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், புதிதாக ஒன்று முளைத்தால் பயப்பட வேண்டிய விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நான் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, ஒரு வாரம் தங்க வந்த உன் மாமா என் கேமராவின் லென்ஸைக் கழற்றி, உள்ளே படம் பதிகிற சென்சாரில் தூசி என்று தானே கண்டுபிடித்து, பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுவது போல வாயால் ஊதியிருக்கிறான். நான் வெளியே வந்து அலறினால், "என்னக்கா, இதெல்லாம் ஒரு வித்தையா, வீடியோல பாத்தேன், அஞ்சே நிமிஷம்"னு சொல்லிச் சிரிக்கிறான். மின்விசிறியைக்கூட நிறுத்தாமல் கேமராவைத் திறந்த அறிவாளி. அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மறுநாள் அதையே தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனேன், அது என் முட்டாள்தனம், மாமாவைத் திட்டுகிற அதே வாயால் என்னையும் திட்டிக்கொண்டேன்.

அன்று வந்தவள் ஒரு கணக்கு டீச்சர், முதுகில் பதினேழு மச்சம். மாலையில் சின்ன டாக்டர், பெரியவரிடம் வேலை பழக வந்திருக்கிறானே, முழுக்கைச் சட்டையும் அரைகுறைப் படிப்பும், அவன் படத்தைக் கணினியில் பார்த்துப் பதினெட்டு என்று எண்ணி, ஆளைக் கூப்பிட்டு முதுகைப் பார்க்காமலேயே போனில், "புதுசா ஒண்ணு வந்திருக்கு, கறுப்பா இருக்கு, வெட்டி எடுத்துப் பாக்கணும்"னு சொல்லிவிட்டான். புதன்கிழமை ஒரு டிரைவரின் புறங்கையைப் படமெடுத்தேன், அதிலும், டீச்சர் படத்தில் இருந்தது போலவே, வலது மேல் மூலையில் அதே கறுப்பு. வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் ஐந்து புள்ளி, நாலு மங்கல், அந்த மூலையில் இருந்தது மட்டும் கறுப்பு, எல்லாம் உன் மாமாவின் எச்சில் காய்ந்த தடம்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, பேட்டரியை முழுக்க ஏற்றி, நடுவில் அது தீர்ந்தால் சென்சாருக்கு முன்னால் தூக்கி நிற்கிற கண்ணாடி படாரென்று குச்சி மேல் விழும், கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்து ரப்பர் பந்தால் காற்றடித்தேன். தூசியாக இருந்தால் விழுந்திருக்கும், எச்சில் விழுமா. அதற்கென்று விற்கிற துடைப்பான் குச்சியில் இரண்டு சொட்டு மருந்து விட்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே இழுப்பு, திருப்பிப் பிடித்து இன்னொரு இழுப்பு, அழுத்தக் கூடாது, அதே குச்சியால் மூன்றாம் முறை தொடவும் கூடாது. மறுபடி எடுத்த படத்தில் சுவர் வெளேரென்று வந்தது. உன் மாமா சோபாவில் படுத்தபடியே, "நான் ஊதினதுல பாதி போயிருக்கும், மீதியத்தான் நீ எடுத்திருக்க"ங்கிறான். எருமை மேல் மழை பெய்தால்கூட ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும்.

மறுநாள் சின்ன டாக்டரிடம், துடைக்கும் முன்னும் பின்னும் எடுத்த சுவர்ப் படம் இரண்டையும் காட்டினேன். வெட்கப்படுவான் என்று பார்த்தால், "விடுங்கம்மா, களிம்பு ஒண்ணு குடுத்து, அதுல மறைஞ்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம், யாருக்கும் தெரிய வேணாம்"கிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன், இவன் இல்லாத பூசணிக்காயை மறைக்கிறான். என் பதிலைக் கேட்க அவனுக்குத் தகுதி போதாது என்று அப்படியே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன், அது மச்சம் இல்லை, என் கேமராவில் இருந்த அழுக்கு, தப்பு என்னுடையது என்று. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கையில் சீப்போடு நின்றாள், பின்னால் அவளுடைய ஏழெட்டு வயதுப் பெண் கோணல்மாணலாய்ச் சடை போட்டு நின்றது. "ரெண்டு நாளா இவளுக்குத் தானே பின்னிக்கக் கத்துக் குடுத்துட்டு இருக்கேங்க"ன்னு மட்டும் சொன்னாள்.

அதைச் சொன்னால் உன் மாமா, "நோய் இல்லன்னு ஆச்சே, நல்ல சேதிதானக்கா"ங்கிறான். அன்றைக்கே அவன் பெட்டியை நானே கட்டி வாசலில் வைத்தேன், அப்பாகூட ஒரு வார்த்தை தடுக்கவில்லை. டீச்சர் மறுநாள் கிளினிக்குக்கு வந்து, சின்ன டாக்டரைப் பெரியவர் முன்னாலேயே, "படத்தப் பாத்தீங்கல்ல, இப்ப என் முதுகப் பாத்து எண்ணுங்க"ன்னு திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அவன் பதினேழையும் வாய்விட்டு எண்ண வேண்டியதாயிற்று, எண்ணும்போது அவன் குரல் இருந்த அழகைப் பார்க்க வேண்டுமே.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் கழுத்தில் ஏதோ தடிப்பு என்று படம் அனுப்பியிருந்தாயே, நான் அதைத் திறக்கவே இல்லை, திறக்கவும் மாட்டேன். இந்த வாரமே நேரில் போய் டாக்டரிடம் கழுத்தைக் காட்டு, தொட்டுப் பார்க்கச் சொல், தொடாதவனாக இருந்தால் எழுந்து வேறு ஆளிடம் போ. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா