இத்தாலி ஒன்றான கதைக்கு ஒரு முன்னுரை

வால்தம்ஸ்டோ
லண்டன், 3 பெப்ரவரி 2025

அன்பு நண்பர் பஸ்தியாம்பிள்ளைக்கு,

முழங்கால் நோ எப்படி? நான் போன் எடுத்தால்தான் உண்டு, நீர் எடுப்பதில்லை.

இத்துடன் நான் எழுதிய 'இத்தாலி ஒன்றான கதை'யின் பிரதி. ஏழெட்டு அரசுகள், ஆளுக்கொரு சுங்கச்சாவடி, வடக்கில் பாதி அந்நியன் கையில். 'நாமெல்லோரும் இத்தாலியர்' என்ற எண்ணம் இரகசியச் சங்கத்து இளைஞரிடம் பிறந்தது. வடக்கே ஓர் அரசன் அதைத் தன் படைக்குக் கொடியாக்கினான். கரிபால்டி ஆயிரம் பேரோடு சிசிலியில் இறங்கி, தெற்கைப் பிடித்து அவனிடமே ஒப்படைத்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரே நாடு! பிரிந்து கிடந்து கெட்ட ஈழத்தமிழர் நாங்கள் இதைப் படிக்கவேண்டாமா?

சரித்திர வாத்தியார் நீர்தான் முன்னுரை எழுதவேண்டும்.

என்றும் உம்முடைய,
வைத்தி


சட்டன்
17 பெப்ரவரி

அன்புள்ள வைத்தி,

இரண்டு தரம் வாசித்தேன். நல்ல ஓட்டம். ஆனால், 'தெற்கில் எஞ்சிய கொள்ளையர் அடக்கப்பட்டனர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர். அவர்களில் பலர் நிலமில்லாத குடியானவர்கள். புதிய அரசின் படை அவர்களை ஆயிரக்கணக்கில் சுட்டது, சில ஊர்களைக் கொளுத்தியது. எல்லாம் ஒற்றுமையின் பெயரால்.

ஊர்ச் சந்தியில் சுட்டுப் போட்டிருந்த என் அண்ணை மரியநாயகத்தின் கழுத்தில் தொங்கிய மட்டையிலும் ஒரே சொல்தான்: 'சமூகவிரோதி'. அவர் சின்ன இயக்கத்தில் இருந்தார். உம்முடைய பெரிய இயக்கம் மற்றவற்றைத் தடைசெய்த நாட்கள் அவை. நீர் அதில் இருந்தீர் என்பதற்காக உம்மை ஒருநாளும் நான் ஒன்றும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். ஒரு வரிக்கு மேல் எழுத உமக்கு ஏன் ஏலாமல் போனது?

அன்புடன்,
பஸ்தி


வால்தம்ஸ்டோ
9 மார்ச்

பஸ்தி,

எழுதி எழுதிக் கிழித்தேன். இனி ஒளிக்க ஏலாது.

அண்ணை ஒளித்திருந்த வீட்டைச் சொன்னது நான். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன அன்று நீர் என்னையும் சைக்கிளில் ஏற்றிப்போனீரே, அப்படித்தான் எனக்குத் தெரியும். "ஆளோடை கதைக்கத்தான் போறம். எங்கடை பக்கம் வந்தால் விட்டிடுவம்" என்றார் எங்கள் இயக்கப் பொறுப்பாளர். நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. விடியச் சந்தியில் சனம் கூடியது. செத்த வீட்டில் உமக்குப் பக்கத்தில் இருந்தேன். நீர் எனக்குத் தேத்தண்ணி தந்தீர்.

ஒன்றானால் நாடு கிடைக்கும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கைக்குச் சாட்சி தேடித்தான் இத்தாலிவரை போனேனோ, தெரியாது.

வைத்தியநாதன்


சட்டன்
24 மார்ச்

வைத்தியநாதன்,

தன் தம்பி மாதவன்தான் காட்டிக்கொடுத்தான் என்று வசந்தமலர் அண்ணி நாற்பது வருடமாக அவனோடு பேசவில்லை. அவன் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் போகவில்லை.

நேற்று தோர்ண்டன் ஹீத்தில் அண்ணி வீட்டுக்குப் போய் உம்முடைய கடிதத்தை அவவுக்கு வாசித்தேன். உம்மைத் திட்டவில்லை. உம்மைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. "மாதவன்ரை நம்பர் ஆரிட்டையும் இருக்கோ?" என்றா.

தேடி எடுத்துப் போனும் போட்டுக் கொடுத்தேன். "தம்பி, நான் அக்கா" என்றா. நான் வெளியே போய் பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். மூன்று பஸ் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாதவன் வருகிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கும் இருக்கிறது. அண்ணி சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

பஸ்தியாம்பிள்ளை