அம்மாவுக்குப் பதிலாக நீ சொன்ன சம்மதம்

மார்ச் 19

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம். உன் அம்மாவும், வலது தோளைத் தவிர, நலம். நீயும் உடல்நலத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். மற்ற செய்திகளுக்கு முன் உன்மீது எனக்குள்ள குறைகளை எழுதிவிடுகிறேன்.

1. மார்ச் 4: ரயில் நிலையப் படிக்கட்டில் அம்மாவைத் தள்ளிவிட்டுப் பையைப் பறித்தவன்மீதுள்ள குற்றச்சாட்டை வெறும் திருட்டாகக் குறைக்கலாமா என்று அரசு வழக்கறிஞர் உன்னை அழைத்துக் கேட்டார். எங்களிடம் நீ சொல்லவில்லை.
2. மார்ச் 9: அம்மாவின் சார்பில் நீயே சம்மதித்தாய்.
3. மார்ச் 15: வீட்டுக்குப் பேசினாய். வழக்கு என்னவாயிற்று என்று அவள் கேட்டதற்கு, "அதெல்லாம் மெதுவாத்தாம்மா நடக்கும்" என்றாய்.

பையோடு அவளுடைய கைபேசியும் போய்விட்டதால் காவல் நிலையத்தில் உன் எண்ணைக் கொடுக்கச் சொன்னவளே அவள்தான், அப்பா எடுக்கமாட்டார், அவன் உடனே எடுப்பான் என்று. நேற்று, சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள் என்று நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்திருந்தோம், வழக்கறிஞர் கோப்புகளோடு வெளியே வந்தார், என்னை எப்ப மேடம் கூப்பிடுவீங்க என்று அம்மா எழுந்து நின்று கேட்டாள். அவர், "நீங்க யாரும்மா?" என்றார். சொன்னதும், "திருடினவன் குற்றத்தை ஒத்துக்கிட்டாம்மா, சாட்சி தேவையில்ல, உங்க வீட்டுல சொல்லியாச்சே" என்றார். உன் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு முகம் கழுவப் போய்விட்டாள். அவள் இல்லாதபோதுதான் வழக்கறிஞர் மீதியைச் சொன்னார்: "அம்மாவுக்குக் கோர்ட்டெல்லாம் தாங்காது, நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்னு உங்க பையன்தான் சார் சொன்னார், ரொம்ப மரியாதையாப் பேசினார்." அடிபட்டவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எப்படி முடித்தீர்கள் என்று கேட்டேன், கோப்புகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருடைய மேலதிகாரிக்குத் தனியே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வழக்கறிஞர் அந்நியர், நீ மகன்.

உன் அம்மாவால் இப்போது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது, கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் கணக்குப் போடுகிறாள், மேல் பாதியை யாருக்கு மிஸ் வாடகைக்கு விட்டீங்க என்று பிள்ளைகள் கேட்டார்களாம், சிரித்துக்கொண்டே சொன்னாள். இதை நீதிபதியிடம் சொல்லத்தான் காத்திருந்தாள். நீ அவளைக் காப்பாற்றவில்லை. அவள் பேச வேண்டிய இடத்தில் நீ பேசிவிட்டாய். நான்தான் மறைத்தேன் என்று நினைத்து நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. மறைத்தது நானில்லை என்று சொன்னேன், யாரென்று சொல்லவில்லை.

ஏப்ரல் 12 அன்று தண்டனை அறிவிக்கிறார்கள். அதற்குமுன் பாதிக்கப்பட்டவர் நீதிபதியிடம் பேச இன்னும் இடமுண்டாம். அந்தச் சம்மதம் உன்னுடையது, அவளுடையதல்ல, அவள் பேச விரும்புகிறாள் என்று வழக்கறிஞர் அலுவலகத்துக்கு எழுது. நடந்ததை அம்மாவுக்கும் எழுது. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு எந்தக் குறையும் வராமலிருக்க என் ஆசிகள் எப்போதும் உண்டு, அதில் மாற்றமில்லை.

இரண்டு கடிதங்களும் ஏப்ரல் 5 மாலைக்குள் வந்துசேர வேண்டும். தொலைபேசியில் சொல்லாதே. உன் குரலைக் கேட்டால், நீ சொல்லி முடிப்பதற்குள் அவள் மன்னித்துவிடுவாள்.

உன் அப்பா